லால்பாக் பாறையிலிருந்து லடாக் பள்ளத்தாக்கு வரை: ஒரு ஞாயிறு வகுப்பு

பெங்களூருத் தமிழர்களுக்காக ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர் நடத்தும் இவ்வகுப்பு, ஏறத்தாழ 300 கோடி ஆண்டு வயதுடைய லால்பாக் பாறையின்மேல் தொடங்கினாலும், அதன் உயிர்நாடி லடாக்கின் சோ மோரிரி ஏரிப் பகுதிப் பாறைகளைப் பற்றிய விளக்கமே. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியத் தட்டின் விளிம்பு ஆசியாவின் அடியில் செருகி, 90 கிலோமீட்டர் ஆழத்தையும் தாண்டிச் சென்று மீண்டும் மேலேறியது என்பதற்கு, செந்நிறக் கார்னெட் படிகங்களுக்குள் சிறைப்பட்ட கோயசைட் என்னும் சிலிக்கா வடிவமே சாட்சி. அத்தகைய பேரழுத்தம் இன்றி அது உருவாவதில்லை. மேலேறும் வழியில் அழுத்தம் குறைய, அது சிலிக்காவின் வழக்கமான வடிவமான குவார்ட்ஸாக மாறிப் பருமன் கூடுவதால், சுற்றியுள்ள கார்னெட்டில் கதிர்கள் போல விரிசல்கள் விழுகின்றன. அவற்றை நுண்ணோக்கியில் கண்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. பதினைந்து பேருக்கு ஒரே நுண்ணோக்கி என்பது மட்டும் பெருங்குறை. கட்டணம் நியாயமானது. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளை அவசியம் அழைத்துச் செல்லுங்கள்.