பேல் ஏலா, ஐபிஏவா: இந்திராநகரில் நான்கு கிளாஸ்

பெங்களூரில் பீர்ப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர், "எனக்கு ஐபிஏ மட்டும் ஒத்து வராது, ஒரே கசப்பு" என்பார். பேல் ஏல் என்பது வெளிர்நிற பீர்; ஐபிஏ, அதாவது இந்தியா பேல் ஏல், அதில் கசப்பு தூக்கலான வகை. சொல்பவர் தமிழராக இருந்தால் நான் விடுவதில்லை. சுண்டைக்காய் வற்றலை நல்லெண்ணெயில் பொரித்துக் குழம்பில் போட்டுச் சாப்பிட்ட நாக்கு அது. சித்திரை முதல் நாள் வேப்பம்பூப் பச்சடி இல்லாமல் இலை போடாத வீட்டில் வளர்ந்தவருக்குக் கசப்பு புதிதா என்ன? ஆனால் பச்சடியில் வெல்லமும் மாங்காயும் இருக்கின்றன, வற்றல் குழம்பில் புளி இருக்கிறது. அவர் குடித்த ஐபிஏவில் கசப்புக்குத் துணையாக எதுவும் இருந்திருக்காது. நான் பீருக்கு மதிப்பெண் போடும்போது முதலில் தேடுவது அந்தத் துணையைத்தான்.

போன மாதம் ஒரு ஞாயிறு மதியம் இதற்கென்றே நான்கு பேர் உட்கார்ந்தோம். நான், அல்சூரில் எனக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் கோயம்புத்தூர் நண்பர், அவருடைய தங்கை, பீர் காய்ச்சும் ஒரு ப்ரூவரியில் வேலை பார்க்கும் திண்டுக்கல் தம்பி. இந்திராநகரில் அந்த வாரம் அமெரிக்கன் பேல் ஏல், இங்கிலீஷ் ஐபிஏ, ஹேஸி ஐபிஏ, வெஸ்ட் கோஸ்ட் ஐபிஏ நான்கும் ஒரே கடையில் டேப்பில் இருந்தன. அப்படி அமைவது அபூர்வம். 2010இல் நூறடி ரோட்டில் டாய்ட் என்ற ப்ரூவரிக் கடை தொடங்கிய காலத்திலிருந்து இந்த ஊரில் நான் பார்க்கும் மேசைகளில் பெரும்பாலும் கோதுமை பீர்தான். 2012இல் மேக்ராத் ரோட்டில் கடை திறந்த ஆர்பர் ப்ரூயிங் கம்பெனி அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரத்து வேர் கொண்டது. அவர்களுடைய ரேஜிங் எலிஃபன்ட் ஐபிஏவைக் குடித்துத்தான் என் நண்பர்கள் பலருக்கு, பீருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடிப்பூவான ஹாப்ஸ் என்ற சொல்லே அறிமுகமானது.

மதிப்பெண்ணுக்கு பீர்ப் போட்டிகளுக்கு நடுவர்களைத் தயார்செய்யும் பிஜேசிபி என்ற அமைப்பின் தாளையே எடுத்துக்கொண்டோம். மொத்தம் 50. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் தரும் உணர்வுக்கு 5, ஒட்டுமொத்த அனுபவத்துக்கு 10. தோற்றத்துக்கு வெறும் 3 என்பதைக் கவனியுங்கள். கிளாஸைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கும் நேரத்துக்கு அவ்வளவுதான் மதிப்பு. மணத்துக்கு நான்கு மடங்கு. 38ஐத் தொட்டால் அருமை, 45ஐத் தொட்டால் உலகத்தரம். 21க்குக் கீழே போனால் ஏதோ கோளாறு என்று பொருள்.

சாப்பாடு கடைசியில்தான் என்று முடிவு செய்தோம். கோபி மஞ்சூரியன் தட்டு ஒன்று நடுவில் வந்தால் போதும், மிளகாய்க் காரமும் ஹாப்ஸ் கசப்பும் ஒன்றையொன்று தூக்கிவிட்டு நாக்கு அதற்குப் பிறகு எதற்கும் உதவாது. வெறும் பிரெட்டும் தண்ணீரும் வைத்துக்கொண்டோம். அப்புறம் ஐந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தோம். கடைகளில் கிளாஸ் வியர்க்கும் அளவுக்குக் குளிராக ஊற்றுகிறார்கள். அந்தக் குளிரில் ஹாப்ஸின் மணம் எழும்பாது. 8 முதல் 10 டிகிரிக்கு வரும்போதுதான் மூக்குக்கு வேலை.

முதல் கிளாஸ் அமெரிக்கன் பேல் ஏல். இந்த வகைக்கு அடையாளம் தந்தது கலிஃபோர்னியாவின் சீக்கோ ஊரில் 1980இல் காய்ச்சத் தொடங்கிய சியரா நெவாடா பேல் ஏல். அதற்கு மணம் தந்த கேஸ்கேட் என்ற ஹாப்ஸ் ரகம் அமெரிக்க விவசாயிகள் கைக்கு வந்தது 1972இல். எங்கள் கிளாஸிலும் அதே கேஸ்கேட்தான் என்று கரும்பலகையில் எழுதியிருந்தார்கள். மேலே கிளாஸின் வாயை உள்ளங்கையால் மூடி, ஒரு சுற்றுச் சுற்றி, கையை எடுத்துவிட்டு மூக்கை விட்டேன். பம்பளிமாஸ் தோலை நகத்தால் கீறினால் விரலில் ஒட்டுமே ஓர் எண்ணெய், அந்த வாசம். கொஞ்ச நேரத்தில் அதற்கு அடியிலிருந்து இன்னொன்று மெல்ல வந்தது: அப்போதுதான் வறுத்து இறக்கிய பொட்டுக்கடலை. அது மால்ட், அதாவது முளைகட்டிய பார்லியின் வேலை. வாயில் வைத்தால் முதலில் அந்த வறுவல் இனிப்பு, நடுவில் பழத்தோல், கடைசியில் கசப்பு. மிடறு இறங்கிப் பத்து விநாடியில் கசப்பும் இறங்கிவிட்டது. நாக்கு சுத்தமாக இருந்தது. கை தானாகவே மறுபடி கிளாஸுக்குப் போனது.

இதை நான் நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. 5 சதவீதத்தை ஒட்டிய ஆல்கஹாலில், 30 முதல் 50 ஐபியு கசப்பில் நிற்க வேண்டிய பீர் இது. ஐபியு என்பது ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் ஹாப்ஸின் கசப்புப் பொருள் எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. எண் குறைவாக இருப்பதால் இதைச் செய்வது சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. ஹாப்ஸ் குறைவாக இருக்கும் இடத்தில் ஈஸ்ட் செய்த சிறு தவறும் வெளியே தெரியும். மால்ட் கொஞ்சம் கூடினால் பானகம் மாதிரி ஆகிவிடும், குறைந்தால் சோடா. திண்டுக்கல் தம்பி சொன்னார்: "அண்ணே, புது ஆள் வேலைக்கு வந்தா பேல் ஏல் காய்ச்சச் சொல்லித்தான் கையைப் பாப்போம். ஐபிஏன்னா ஹாப்ஸைக் கொட்டி மூடிரலாம்." நால்வர் போட்டதன் சராசரி 39. நான் 41 போட்டேன்.

இரண்டாவது, இங்கிலீஷ் ஐபிஏ. பெயரில் இருக்கும் இந்தியாவுக்குச் சொந்தமான கதை இதனுடையதுதான், அதனால் அதைச் சொல்லிவிடுகிறேன். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன் பௌ பகுதியின் ஹாட்ஜ்சன் ப்ரூவரி, பக்கத்துத் துறையிலிருந்து புறப்படும் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களின் தலைவர்களுக்குப் பேல் ஏலைக் கடனில் ஏற்றிவிட்டது. பீப்பாய்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் ஆடிக்கொண்டு வந்து கல்கத்தாவிலும் சென்னையிலும் பம்பாயிலும் இறங்கின. வெயிலுக்காகவே புதிதாகக் கண்டுபிடித்த பீர் என்று சொல்வது சரியில்லை. ஹாப்ஸ் தூக்கலான, நாள்பட வைத்துக் குடிக்கும் வெளிர்நிற பீர் இங்கிலாந்தில் ஏற்கெனவே இருந்தது. போர்ட்டர் என்ற கறுப்பு பீரும் அதே கப்பல்களில் வந்தது. பிறகு ஹாட்ஜ்சன் குடும்பம் வியாபாரத்தை முழுக்கத் தன் பிடிக்குள் கொண்டுவரப் பார்க்க, கம்பெனிக்காரர்கள் இங்கிலாந்தின் பர்ட்டன் ஊரில் பீர் காய்ச்சிய ஆல்சாப்பிடம் போனார்கள். 1822இல் ஆல்சாப் காய்ச்சிய பீர் ஹாட்ஜ்சனுடையதைவிட நன்றாக அமைந்துவிட்டது. காரணம், தண்ணீர். பர்ட்டன் கிணறுகளில் ஜிப்சம் அதிகம். அந்தக் கந்தக உப்பு கசப்பைக் கூர்மையாக்கி, குடித்தபின் வாயை உலர்வாக விடும்.

பெங்களூருக்கு வருவது நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து பம்ப் செய்து ஏற்றும் காவிரி. மற்றதெல்லாம் போர்வெல்லும் டேங்கர் தண்ணீரும். தம்பி வேலை பார்க்கும் இடத்தில் எந்தத் தண்ணீர் வந்தாலும் ஆர்ஓவில் போட்டு உப்பையெல்லாம் எடுத்துவிட்டு, ஐபிஏ என்றால் ஜிப்சத்தை எடைபோட்டுச் சேர்க்கிறார்களாம். திருச்சியில் நான் குளித்த காவிரியில் பர்ட்டன் ஊர்க் கிணற்றைக் கரைக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது. கிளாஸில் இருந்த பீர் அந்த அளவுக்கு இல்லை. நார்த்தங்காய்ப் பாகு மாதிரி ஓர் இனிப்பு, பிஸ்கட், ஈரமண் வாசம். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் கடைசியில் மால்ட் நாக்கில் தங்கிவிட்டது. 33.

மூன்றாவது ஹேஸி ஐபிஏ. பார்த்தவுடன் மாம்பழ ஜூஸ் என்றுதான் சொல்வீர்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் தி ஆல்கமிஸ்ட் என்ற கடை 2004இல் ஊற்றிய ஹெடி டாப்பர்தான் இந்தக் கலங்கல் பாணிக்கு முன்னோடி. இதில் ஓட்ஸும் கோதுமையும் சேர்வதால் பீர் வழவழப்பாகிறது. ஹாப்ஸைக் கொதிக்கும்போது போடாமல் அடுப்பு அணைந்தபின்னும் நொதிக்கும் தொட்டியிலுமாகப் போடுகிறார்கள். நீண்ட நேரம் கொதித்தால்தான் ஹாப்ஸின் அமிலம் கசப்பாக மாறும். கடைசியில் போட்டால் எண்ணெய் தங்கும், மணம் தங்கும், கசப்பு குறையும். நண்பரின் தங்கை மூக்கை விட்டுவிட்டு, "பழமுதிர் நிலையத்துக்குள்ள நிக்கிற மாதிரி இருக்குங்க" என்றார். சரியான வார்த்தை. பங்கனப்பள்ளி, கொய்யா, கொஞ்சம் அன்னாசி. ஐபிஏவே ஆகாது என்பவருக்கு முதலில் நீட்ட வேண்டிய கிளாஸ் இது, சந்தேகமே வேண்டாம். முதல் சுற்றில் 38.

இந்த வகைக்கு ஆயுள் குறைவு. காற்றுப் பட்டால் மணம்தான் முதலில் போகும், பிறகு நிறம் பழுப்பாகும். அதனால் ஹேஸி ஆர்டர் செய்யும்முன், இந்தப் பீப்பாய் எப்போது மாட்டியது என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் கடையில் வேறு எதையாவது குடியுங்கள். இன்னொன்று: போன வருடம் இந்த ஊரிலேயே வேறொரு இடத்தில் எனக்கு வந்த ஹேஸியில் வெண்ணெய் உருக்கும் வாசம் தூக்கியது. சர்வரிடம் சொன்னேன், "அதுதான் சார் இதோட ஸ்டைல்" என்றார். இல்லை. டயசெட்டில் என்ற பொருள் அது. தொட்டியில் ஹாப்ஸைப் போட்டதும் அதிலுள்ள என்சைம் மிச்ச மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்க, தூங்கப் போன ஈஸ்ட் மறுபடி எழுந்து வேலை பார்க்கும். அந்த வேலை முடியும் வரை பொறுக்காமல் குளிரூட்டிவிட்டால் வெண்ணெய் பீரிலேயே நின்றுவிடும். முழுக் காசு கொடுத்துப் பாதியில் எழுந்து வந்தேன். நெய் வாசம் நமக்குப் பிடிக்கும் என்பதற்காகப் பீரில் அதை ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை.

நான்காவது, வெஸ்ட் கோஸ்ட். கண்ணாடி மாதிரித் தெளிவு, வெளிர் தாமிர நிறம், வெள்ளை நுரை கடைசி வரை கிளாஸ் ஓரத்தில் வட்டம் வட்டமாக ஒட்டி நின்றது. மணத்தில் பம்பளிமாஸ் இருந்தாலும் அதற்கு முன்னால் வந்தது குங்கிலியம். மார்கழி விடியலில் கோயில் பிராகாரத்தில் சாம்பிராணி போட்டுவிட்டுப் போன பிறகு காற்றில் மிஞ்சியிருக்கும் பிசின் வாசம். கசப்பு நாக்கின் நடுவில் விழுந்து பின்னால் போய், அரை நிமிடம் அங்கேயே இருந்தது. ஆனால் துவர்ப்பு இல்லை. முக்கியமான வேறுபாடு இது. நல்ல கசப்பு வாயில் நீர் ஊற வைக்கும், துவர்ப்பு பாக்கு மென்றதுபோல் ஈறைப் பிடித்து இழுக்கும். ஹாப்ஸ் இலைத்தூள் அதிகம் கலந்தால் துவர்ப்பு வரும், அப்போது மதிப்பெண்ணை வெட்டிவிடலாம். இதில் வெட்ட எதுவும் இல்லை. நால்வரும் 40க்கு மேல் போட்டோம், சராசரி 42. தாளின்படி அன்றைக்கு வென்றது இதுதான்.

அப்புறம் இரண்டாவது சுற்று. இருபது நிமிடம் கிளாஸ்களை அப்படியே விட்டுவிட்டுப் பாதி குறைந்த, சூடு ஏறிய பீரைக் குடித்துப் பார்ப்பது என் வழக்கம். பிஜேசிபி தாளில் இதற்கு இடமில்லை. ஆனால் வீட்டிலிருந்து கிளம்பி வந்து பேசிக்கொண்டே ஒரு மணி நேரம் குடிக்கும் மனிதனுக்குத் தெரிய வேண்டியது இதுதான். ஹேஸி இங்கே சரிந்தது. பழவாசம் பழைய பழவாசமாகி, கெட்டித்தன்மை தொண்டையில் தங்கியது. நான் மறுபடி போட்டிருந்தால் 32தான். இங்கிலீஷ் ஐபிஏ நேர்மாறாக நிமிர்ந்தது. குளிர் விட்டதும் மால்ட் விரிந்து வறுத்த முந்திரி வாசம் ஒன்று புதிதாக வந்தது. அதற்கு முன்பு போட்ட 33க்காக வருந்தினேன். வெஸ்ட் கோஸ்ட் மணத்தில் குறையவில்லை, ஆனால் கசப்பு ஒவ்வொரு மிடறிலும் முந்தையதன் மேல் ஏறி உட்கார்ந்தது. பேல் ஏல் முதல் மிடறில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

மெட்ரோவில் அல்சூர் ஒரே ஸ்டேஷன்தான் என்பதால் அவசரம் இல்லை. தாளை மடித்து வைத்துவிட்டு ஆளுக்கு ஒரு முழு கிளாஸ் சொல்லலாம் என்றேன். வெஸ்ட் கோஸ்டுக்கு 43 போட்டிருந்த நண்பர் யோசிக்கவே இல்லை, "நமக்குப் பேல் ஏலுங்க" என்றார். தம்பியும் அதுவே, நானும் அதுவே. தங்கை மட்டும் வெஸ்ட் கோஸ்ட் சொன்னார், கூடவே சிக்கன் நெய் ரோஸ்ட். இவ்வளவு கசப்பையும் முழு கிளாஸ் குடிக்க முடியுமா என்று அண்ணன் கேட்டதற்கு அவர் தட்டை நடுவில் இழுத்து வைத்தார்.

"அண்ணா, இது பாவக்காப் பொரியலாட்ட. நீங்க அதைத் தனியாத் தின்னு பாத்துட்டு மார்க் போட்டிருக்கீங்க."

நெய் ஒட்டிய ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு அவருடைய கிளாஸிலிருந்து ஒரு மிடறு வாங்கிக் குடித்தேன். கசப்பு நெய்க்குள் போய் அடங்கி, சாம்பிராணி வாசம் மட்டும் மேலே நின்றது. அடுத்த மாதம் தட்டோடு சேர்த்து மதிப்பெண் போடுவதாக முடிவாகியிருக்கிறது.