கிரெடிட் வாங்குவதா, சொந்தப் புகையைக் குறைப்பதா? நெல்லைச் சீமை ஆலைகளுக்கு ஓர் அலசல்

ஐரோப்பாவுக்குச் சரக்கு அனுப்பும் ஆலைகளிடம், கார்பன் கணக்கு எங்கே என்று வாங்குவோர் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நெல்லைப் பக்கத்து ஆலை முதலாளிக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. காற்றாலை கிரெடிட் வாங்கலாம், காட்டுக் கிரெடிட் வாங்கலாம், அல்லது அதே பணத்தைத் தன் ஆலைக்கே செலவிட்டு உமிழ்வைக் குறைக்கலாம். ஒரு கிரெடிட் என்பது எங்கோ ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு குறைந்ததற்கான சான்று; வாங்கியவர் அதைத் தன் உமிழ்வுக் கணக்கில் கழித்துக்கொள்வார். தாளில் மூன்றும் சமம்போலத் தெரியும். உண்மையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

காற்றாலை நம் ஊர்க் கதை. ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்கள் வழியே வரும் தென்மேற்குப் பருவக்காற்றை நம்பித்தான் முப்பந்தல், ராதாபுரம், பணகுடி, கயத்தாறு வட்டாரங்களில் ஆயிரக்கணக்கான காற்றாலைகள் எழுந்தன. பல காற்றாலைகள் ஐ.நா.வின் கியோட்டோ காலநிலை ஒப்பந்தத்தின் கீழ்ப் பதிவாகி வெளிநாடுகளுக்குக் கிரெடிட் விற்றன. அந்தப் பணம் இல்லாவிட்டால் காற்றாலையே வந்திருக்காது என்று காட்டினால்தான் கிரெடிட் செல்லும். நூற்பாலைக்காரர்கள் காற்றாலை நிறுவ வேறு காரணங்கள் நிறையவே இருந்தன: முதல் ஆண்டிலேயே 80 சதவீதம் வரை தேய்மானச் சலுகை, ஓயாத மின்வெட்டு, காற்றுக்காலத்து மின்சாரத்தை மின்வாரியத்திடம் சேர்த்துவைத்துப் பின்னால் எடுத்துக்கொள்ளும் வசதி. ரஃபேல் காலெல் முதலிய பொருளியலாளர்கள் இந்தியக் காற்றாலைகளை ஆராய்ந்தார்கள். ஏற்கப்பட்ட கிரெடிட்டுகளில் குறைந்தது 52 சதவீதம், எப்படியும் கட்டப்பட்டிருக்கக்கூடிய திட்டங்களுக்கே போயிருந்தது. இங்கே தானாகவே சுழன்றிருக்கும் இறக்கையைக் காட்டி அங்கே ஒரு நிறுவனம் கூடுதலாகப் புகை விட்டிருக்கிறது. காற்றாலை தந்த மின்சாரம் நல்ல மின்சாரம்தான். அதன்பேரில் எழுதிய சான்றைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

காட்டுக் கிரெடிட் இன்னும் பலவீனமானது. களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம்; சட்டம் காக்கும் காட்டை ‘வெட்டாமல் விட்டோம்’ என்று யாரும் விற்க முடியாது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தின் 99 ஆண்டுக் குத்தகை 2028இல் முடிகிறது; நிலம் எப்படியும் அரசிடம் திரும்பும். அங்கே காடு திரும்பினால் அதை எந்த நிறுவனமும் தன் வரவாக எழுதக் கூடாது. புதிதாக மரம் நடுவது நேர்மையானதுதான். ஆனால் நிலக்கரி விடும் கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுக் கணக்கில் காற்றில் தங்கும். மானாவாரி நிலத்து மரக்கன்று இரண்டு கோடையைத் தாண்டுவதே பெரும்பாடு.

மூன்றாவது வழியில், அதாவது ஆலை சொந்தக் காற்றாலை மின்சாரத்துக்கு மாறினால், சான்றிதழே தேவையில்லை, மின்மீட்டர் சொல்லிவிடும். ஆலைகளுக்குக் குறைந்தது 26 சதவீதப் பங்கும், உற்பத்தியில் குறைந்தது 51 சதவீத நுகர்வும் இருந்தால், பல ஆலைகள் சேர்ந்து நிறுவும் காற்றாலையையும் சொந்தப் பயன்பாட்டுக்கானது என்று 2005ஆம் ஆண்டு மின்சார விதிகள் ஏற்கின்றன. காற்று மிகுந்த இடங்களில் இன்னும் 225, 250 கிலோவாட் பழைய இயந்திரங்கள் நிற்கின்றன. அவற்றை எடுத்துவிட்டு 2 மெகாவாட் இயந்திரம் நிறுவ 2024இல் தமிழக அரசு கொள்கையே வெளியிட்டது. குறையும் உண்டு. முதலீடு பெரிது, காற்று மே முதல் செப்டம்பர் வரைதான் வலுவாக வீசும், மற்ற மாதங்களில் நிலக்கரி மின்சாரத்தையும் நம்ப வேண்டியிருக்கும். இருந்தும் என் வாக்கு இதற்கே.

சிமென்ட் மட்டும் விதிவிலக்கு. தாழையூத்து சிமென்ட் ஆலை போன்ற இடத்தில் எரிபொருளை எவ்வளவு மாற்றினாலும், சுடும்போது சுண்ணாம்புக்கல்லே கார்பன் டை ஆக்சைடை வெளிவிடும். ஆலையின் உமிழ்வில் ஏறக்குறைய 60 சதவீதம் அது. அனல்மின் நிலையச் சாம்பலை 35 சதவீதம் வரை கலந்து கிளிங்கரை (சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுப் பெறும் சிமென்ட் மூலப்பொருளை) குறைக்கலாம். அதற்குப் பிறகும் மிஞ்சுவதற்குக் கிரெடிட் வாங்குவதை நான் ஏற்கிறேன். ஆனால் அது காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்து நெடுங்காலம் அடைத்துவைக்கும் வகையாக இருக்க வேண்டும். விலை அதிகம்தான்.

கிரெடிட்டை மட்டும் காட்டிப் பொருள்மேல் ‘கார்பன் நடுநிலை’ என்று அச்சிடுவதை ஐரோப்பிய ஒன்றியம் 2026 செப்டம்பர் 27 முதல் தடுக்கிறது. தாமிரபரணிப் பாசனக் குளங்களைத் தூர்வாரவும் பனை நடவும் நிறுவனங்கள் தாராளமாகப் பணம் தரட்டும். ஆண்டறிக்கையில் அதை நன்கொடை என்றே எழுதட்டும். உமிழ்வுக் கணக்கில் அதைக் காட்டி ஒரு டன்னைக்கூடக் கழிக்க வேண்டாம்.