எங்கள் ஊர் கிளினிக்கில் யார் தங்குவார்கள்? ஆள் சேர்க்கும் ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

மலேசியாவின் கீழ்ப் பேராக்கில், செம்பனைக்கு நடுவே இருக்கிறது எங்கள் பட்டணம். ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரம், தோட்டத்துக்குத் தோட்டம் லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள். இப்போது லயங்கள் போய்விட்டன. அங்கிருந்த குடும்பங்கள் பட்டணத்து ஓரத்துத் தாமான்களிலும் (குடியிருப்புப் பகுதிகள்) மலிவு விலை வீடுகளிலும் இருக்கின்றன. எல்லோருக்கும் இருப்பது ஓர் அரசாங்க கிளினிக். காலை ஆறரைக்கே நம்பர் எடுக்க ஆள் நிற்கும். பாதிப் பேர் இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்கள். இது எங்கள் ஊர் விசேஷம் இல்லை. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களில் மட்டும் பார்த்தால் அது 31.4.

என் அக்காவுக்கு அறுபத்தெட்டு வயது. பதினைந்து வருடமாக இனிப்புநீர். ஒரே வருடத்தில் அவரை நான்கு டாக்டர்கள் பார்த்தார்கள். நால்வருமே நல்ல பிள்ளைகள், பொறுமையாகப் பேசினார்கள். ஆனால் ஒவ்வொருவரும் அவருடைய புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டியிருந்தது. மூன்றாமவர் இன்சுலின் அளவைக் கூட்டினார், நான்காமவர் குறைத்தார். குதிகால் புண்ணைக் கண்டுபிடித்தது நால்வரில் ஒருவரும் இல்லை, அங்கே பல வருடமாக வேலை செய்யும் மிஸ்ஸி, அதாவது நர்ஸ். அக்கா பெஞ்சிலிருந்து எழுந்து நான்கு அடி வைத்தார். "பெரியம்மா, நடை ஒரு மாதிரி இருக்கே, செருப்பக் கழட்டுங்க" என்றார் அந்த மிஸ்ஸி. கழற்றினால், வெள்ளைத் துணி சுற்றிய புண், ஓரம் கறுத்திருந்தது. வீட்டில் எங்களுக்கே தெரியாது. இன்னும் இரண்டு வாரம் போயிருந்தால் தெலுக் இந்தான் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடியிருப்போம்.

அக்காவின் பழைய நடை எப்படி இருக்கும் என்று அந்த மிஸ்ஸிக்குத் தெரியும். புதிதாக வந்தவருக்கு, அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அது தெரிய வழியில்லை. கிளினிக்கின் ஆலோசனைக் குழுவில் மூன்று வருடம் உட்கார்ந்திருக்கிறேன். ஆள் சேர்க்கும் திட்டம் என்று எது வந்தாலும் இப்போது நான் முதலில் கேட்பது, வருகிறவர் எத்தனை வருடம் இருப்பார் என்றுதான். கீழே உள்ள ஐந்து வழிகளையும் அந்தக் கேள்வியை வைத்தே பார்க்கிறேன்.

முதலில் இப்போது நடப்பில் இருப்பது, சுகாதார அமைச்சே ஆளை அனுப்பும் முறை. மருத்துவம் படித்தவர் முதலில் ஹவுஸ்மேன் பயிற்சி முடிக்க வேண்டும். 2008லிருந்து அது இரண்டு வருடம். அதன் பிறகு 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டப்படி கட்டாய அரசுப் பணி. இந்தச் சட்டம் இல்லையென்றால் எங்களைப் போன்ற பட்டணத்துக்கு டாக்டரே வந்திருக்க மாட்டார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் 2016 டிசம்பரிலிருந்து புதிதாகச் சேருகிறவர்களை ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறார்கள். நிரந்தர வேலை எல்லோருக்கும் கிடைப்பதில்லை. 2021 ஜூலை 26இல் ஒப்பந்த டாக்டர்கள் கறுப்பு உடையில் வேலையை விட்டு வெளியே வந்து நின்றது அந்த மனக்குறையால்தான். ஒப்பந்தம் எப்போது முடியும், ஸ்பெஷலிஸ்ட் படிப்புக்கு எப்போது போகலாம் என்ற கவலையோடு இருப்பவர் எங்கள் ஊரில் வீடு பார்ப்பாரா, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பாரா? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆள் வருகிறார் என்ற அளவில் இந்த முறைக்கு முழு மதிப்பெண். தங்குவதில் கடைசி இடம்.

அடுத்தது பணம் கொடுத்து இழுப்பது. சபா, சரவாக் போகிறவர்களுக்கும் உட்புறங்களில் வேலை செய்பவர்களுக்கும் தனிப் படிகள் உண்டு. எங்கள் ஊர் எதிலும் சேராது. நல்ல தார்ச்சாலை இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் ஈப்போ போய்விடலாம், அதனால் பெடலாமான் (உட்புறப் பகுதி) இல்லை. அதே ஒரு மணி நேரம் இருப்பதால்தான் யாரும் இங்கே குடியிருப்பதும் இல்லை. படி கொடுத்தாலும் ஈப்போவிலிருந்து வந்து போகத்தான் பார்ப்பார்கள்.

படியைவிடக் கடனைத் தள்ளுபடி செய்வது எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த தேசிய சுகாதாரப் பணிப் படை ஆள் பற்றாக்குறை உள்ள ஊர்களின் சமூக மருத்துவ நிலையங்களுக்கு அப்படித்தான் டாக்டர்களையும் நர்ஸுகளையும் அனுப்புகிறது. இத்தனை வருடம் அங்கே வேலை செய், உன் படிப்புக் கடனில் இவ்வளவை நாங்கள் கட்டுகிறோம் என்பது பேரம். இங்கேயும் அது எடுபடும். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் தனியார் கல்லூரியிலும் வெளிநாட்டிலும் மருத்துவம் படிக்க அப்பாவின் இபிஎஃப் பணத்தை எடுத்தார்கள், வீட்டை அடகு வைத்தார்கள்! பெடோங்கில் இருக்கும் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்துக் கடனோடு வந்த பிள்ளைகள் எங்கள் ஊரிலேயே உண்டு. முதல் வகுப்பில் தேறுபவர்களில் தகுதியுள்ளவர்கள் பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டாம் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. தோட்டப் பட்டணத்து கிளினிக்கில் ஐந்து வருடம் வேலை செய்தவருக்கும் அதே சலுகை என்று ஒரு வரி சேர்ப்பது பெரிய காரியமா? ஒரு பயம் மட்டும் உண்டு. கடன் தீர்ந்த மறுநாள் அவரைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை.

மூன்றாவது வழி, ஆளைத் தேடாமல் சேவையை வெளியே வாங்குவது. 2023 ஜூன் 15இல் தொடங்கிய மடானி மருத்துவத் திட்டம் அந்த ரகம். உதவித் தொகை பெறும் குடும்பம் தனியார் கிளினிக்கில் இலவசமாக மருந்து வாங்கலாம். தொடங்கியபோது வகுத்த வரம்பு குடும்பத்துக்கு வருடம் 250 வெள்ளி, துணையில்லாத முதியவருக்கு 125, தனி ஆளுக்கு 75. காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு என்று வந்தால் இது நல்ல உதவி. அரசாங்க கிளினிக் வரிசையும் கொஞ்சம் குறையும். ஆனால் திட்டத்தை வகுத்தது திடீர் நோய்களுக்கு. மாதாமாதம் பார்க்க வேண்டிய இனிப்புநீரும் பிரஷரும் திரும்ப அதே பெஞ்சுக்குத்தான் வரும். 2019இல் குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக வந்த பேக்கா பி40 திட்டத்தில் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இலவசப் பரிசோதனை கிடைக்கிறது. நோயைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். சரி, கண்டுபிடித்த பிறகு பார்ப்பது யார்?

நான்காவது, கிளினிக் ஆள் வீட்டுக்கு வருவது. இதில் நம் நாட்டையும் தமிழ்நாட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இங்கே 2013இல் கோஸ்பென் என்ற சமூகச் சுகாதாரத் திட்டம் வந்தது. ஊர்க்காரர்களையே தொண்டர்களாக எடுத்து, பிரஷர், சீனி அளவு பார்க்கப் பழக்கி, கூடுதலாக இருந்தால் கிளினிக்குக்கு அனுப்பச் சொன்னார்கள். எங்கள் தாமானிலும் ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் மேசை போட்டுப் பார்த்தார்கள், கூட்டம் நன்றாகவே வந்தது. அளந்து எழுதிக் கொடுப்பதோடு அவர்கள் வேலை முடிந்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இன்னும் ஒரு படி போகிறது. பயிற்சி பெற்ற பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பார்த்து, மாத்திரையையும் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அதற்கு ஊக்கத்தொகை உண்டு. இங்கே மருந்தைத் தபாலில் அனுப்பும் வசதி இருக்கிறது. ஆனால் தபால்காரர் அக்காவின் காலைப் பார்க்க மாட்டார்.

இந்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது. அந்தந்தத் தாமானில் வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் எங்கும் போகப் போவதில்லை. ஆனால் சம்பளம் இல்லாத வேலையை எவ்வளவு காலம் செய்யச் சொல்வது? எங்கள் குழுவில் பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் தொழிற்சாலை ஷிப்ட் மாறியதும் வரவில்லை. மாதம் ஏதாவது கொடுத்தால் நிற்கும், இல்லையென்றால் நிற்காது.

ஐந்தாவது வழிதான் நான் சொல்ல வந்தது. ஊர்ப் பிள்ளையைப் படிக்கவைத்து ஊருக்கே திரும்பக் கொண்டுவருவது.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது ஜப்பான். 1972இல் தோச்சிகி மாநிலத்தில் ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கி, ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் சில பிள்ளைகளை எடுத்தார்கள். ஆறு வருடப் படிப்பு. முடித்தவர் தன் சொந்த மாநிலத்துக்குத் திரும்பி ஒன்பது வருடம் வேலை செய்தால் கட்டணக் கடன் இல்லை. தாய்லாந்தும் 1994இல் கிராமப்புறப் பிள்ளைகளை எடுத்து அவர்கள் பகுதிக்கே டாக்டராக அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியது. உள்ளூர் கிளினிக்கில் ஆள் தங்க என்ன செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2010இல் நாடுகளுக்குப் பரிந்துரை எழுதியபோது, கிராமத்தில் வளர்ந்த பிள்ளைகளைச் சேருங்கள் என்பதை அதில் சேர்த்தது.

இதற்காக ஜப்பான் வரை போக வேண்டியதில்லை என்பதுதான் எனக்கு ஆறுதல். இந்த நாட்டின் கிராமச் சுகாதாரமே அப்படித்தான் எழுந்தது. நாலாயிரம் பேருக்கு ஒரு கிளினிக் டேசா (கிராம கிளினிக்), இருபதாயிரம் பேருக்கு ஒரு பெரிய கிளினிக் என்று கணக்குப் போட்டுக் கட்டினார்கள். கம்பத்து, அதாவது கிராமத்துப் பெண்ணையே எடுத்து மருத்துவச்சியாகப் பயிற்சி கொடுத்து உட்காரவைத்தார்கள். கிளினிக்கோடு ஒட்டி அவருக்கு வீடும் கட்டினார்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் பிரசவ வலி என்றால் பின்கதவைத் தட்டினால் போதும். தோட்டங்களில் அந்த இடத்தில் இருந்தவர் டிரெஸ்ஸர், அதாவது தோட்டத்து ஆஸ்பத்திரி உதவியாளர். அவர்களைப் பதிவு செய்ய 1965இல் தனிச் சட்டமே போட்டார்கள். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்து டிரெஸ்ஸர் ஐயா ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த குவார்ட்டர்ஸில் இருந்தார். யார் வீட்டில் எந்தப் பிள்ளைக்கு இழுப்பு வரும் என்று கார்டு பார்க்காமல் சொல்வார். அவர் பெரிய படிப்புப் படித்தவர் இல்லை. எல்லாவற்றையும் அவர் சரியாகச் செய்தார் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கேயே இருந்தார்.

அதனால் டாக்டர் என்று மட்டும் யோசிக்காமல், மிஸ்ஸி, மருத்துவ உதவி அதிகாரி என்று யோசிக்க வேண்டும். 2010இல் தொடங்கிய ஒன் மலேசியா கிளினிக்குகள் டாக்டர் இல்லாமல் அந்த இருவரை வைத்துத்தான் ஓடின. டாக்டர் ஆக்குவது நீண்ட காலம், பெரிய செலவு. மிஸ்ஸிக்கு எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்து மூன்று வருட டிப்ளோமா. அமைச்சின் பயிற்சிக் கழகங்கள் இருக்கின்றன. மலாய், கணிதம், அறிவியலில் கிரெடிட் வேண்டும், சரித்திரத்தில் தேறியிருக்க வேண்டும். எங்கள் ஊரில் இந்தத் தகுதியுள்ள பெண்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். ஆனால் விண்ணப்பம் ஆன்லைனில் எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்று பல வீடுகளுக்குத் தெரியாது. தெரிவதற்குள் பிள்ளை பேரங்காடியில் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளமும் வாங்கியிருக்கும்.

இந்த வழிக்கும் ஓட்டை உண்டு, அதை மறைக்கக் கூடாது. முதலாவது, பலன் தெரிய நான்கைந்து வருடம் ஆகும். அதுவரை அமைச்சு அனுப்பும் டாக்டரும் மடானி திட்டமும் இல்லாமல் முடியாது. இரண்டாவதுதான் பெரியது. ஜிச்சியில் பிள்ளை தன் மாநிலத்துக்கே திரும்பும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. இங்கே பயிற்சி முடித்த பெண்ணைக் காலியிடம் எங்கே இருக்கிறதோ அங்கே போடுவார்கள். எங்கள் தாமான் பெண் வேறு மாநிலத்து ஆஸ்பத்திரியில் நல்ல மிஸ்ஸியாக இருப்பாள், சந்தோஷம்தான். ஆனால் எங்கள் கிளினிக்கின் காலி நாற்காலி காலியாகவே இருக்கும்.

ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நான் ஐந்தாவதை எடுப்பேன், கூடவே பூட்டிக் கிடக்கும் குவார்ட்டர்ஸைப் பழுது பார்த்துத் திறக்கச் சொல்வேன். கூரையும் தண்ணீர்க் குழாயும் சரி செய்தால் வெளியூர் டாக்டருக்கும் இங்கே ஒரு வாசல் இருக்கும். இரண்டாவதாக நான்காவது வழி, ஊக்கத்தொகையோடு. கடன் தள்ளுபடிக்கு மூன்றாவது இடம். கட்டாயப் பணி இருக்கட்டும், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

இந்த வருடம் எஸ்.பி.எம். முடிவு வரும் வாரம், தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் இரண்டு மடிக்கணினி வைத்து விண்ணப்பம் பூர்த்தி செய்துகொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். அடையாள அட்டை, எஸ்.பி.எம். முடிவுத் தாள், பிறப்புப் பத்திரம், அப்பா அம்மாவின் சம்பளச் சீட்டு இருந்தால் அதுவும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம். அந்த மிஸ்ஸியும் ஒரு மணி நேரம் வந்து, வேலை எப்படி இருக்கும் என்று மறைக்காமல் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். போன வாரம் பெயர் கொடுக்க வந்த ஒரு பெண் கேட்டாள்: "படிச்சு முடிச்சா இங்கேயே போடுவாங்களா, சார்?" போடுவார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குக் குழுவின் கடிதம் தயாராகிறது. அவள் கேட்டதைத்தான் அதில் முதல் வரியாக எழுதியிருக்கிறோம்.