மிளகாய் காரமா? ஏழாம் வகுப்பு அறிவியலுக்கு மூன்று குறைதீர் வழிகள்

"காரத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்லு" என்றால், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்வழிப் பிள்ளை தயங்காமல் "மிளகாய், டீச்சர்" என்கிறது. கேட்டது அமிலத்துக்கு எதிரான வேதிப்பொருளை; தமிழில் நாக்கில் உறைப்பதற்கும் அதே பெயர். அடுத்த அறையின் மலையாளவழிப் பிள்ளைக்கு இந்தக் குழப்பமே வராது. அவர்களுக்கு நாக்கில் உறைப்பது எரிவு, சோதனைக் குழாயில் இருப்பது ஆல்க்கலி. பின்தங்கிய பிள்ளைகளுக்கு எந்தப் பாடப்பொருள் உதவும் என்று பார்க்க, இந்த மிளகாயையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

முதலாவது, தமிழ்நாட்டின் புத்தாக்கப் பயிற்சிக் கட்டகம். கொரோனா விடுமுறைக்குப் பிறகு 2021-இல் வந்தது. பொள்ளாச்சியிலிருக்கும் உறவினர் அனுப்பிய பிடிஎஃப்பை அச்செடுத்தேன். தமிழ் நன்றாக இருக்கிறது, பாடம் சுருக்கமாக இருக்கிறது. நமக்கு இரண்டு சிக்கல்கள். அங்கே நடுநிலை என்றால் 6 முதல் 8 வரை, இங்கே கேரளத்தில் யு.பி. (மேல் தொடக்கநிலை) என்றால் 5 முதல் 7 வரை. பாட வரிசை ஒத்துப்போகாது, நாமே பக்கம் பொறுக்க வேண்டும். அதை விடப் பெரிய சிக்கல், அது பாடத்தைத் திரும்பச் சொல்கிறது. வகுப்புக்கு வராமல் போன பிள்ளைக்கு அது போதும். வந்து, கேட்டு, தப்பாகப் புரிந்துகொண்ட பிள்ளை "காரம் கசப்புச் சுவை உடையது" என்று அழகாக எழுதிவிட்டு, மறுபடியும் மிளகாயைத்தான் சொல்லும்.

இரண்டாவது காணொலி. கேரள அரசின் கல்வித் தொலைக்காட்சியான கைட் விக்டர்ஸில், கொரோனா காலத்தில், 2020 ஜூன் 1-இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் பெல் வகுப்புகளை இந்தப் பிள்ளைகளின் அக்காமார் பார்த்து வளர்ந்தார்கள். செல்லின் உள்ளே, இதயத்தின் உள்ளே காட்ட வேண்டுமென்றால் இதற்கு இணை இல்லை. மிளகாய்க்கு உதவாது. திரை திருப்பிக் கேள்வி கேட்பதில்லையே.

மூன்றாவது, பிலிப்பைன்ஸ் ஆசிரியர்கள் பயன்படுத்தும் அட்டைத் தொகுப்பு. வழிகாட்டி, செயல்பாடு, மதிப்பீடு, செறிவூட்டல், பார்வை நூல் என ஐந்து அட்டைகள். முழுப் பாடத்தையும் அது தொடுவதில்லை. தேர்வுத் தாள்களைப் பார்த்து, வகுப்பு மிகவும் தடுமாறிய ஒரே திறனை எடுத்து, அதற்கு மட்டும் ஒரு தொகுப்பு செய்வார்கள். எனக்குப் பிடித்தது இந்தக் கஞ்சத்தனம்தான்.

காரத்துக்கு ஒன்று செய்தேன். வடிதாளை மஞ்சள் கரைசலில் நனைத்துக் காயவைத்தால் மஞ்சள் தாள் தயார். காரங்களான சுண்ணாம்புத் தண்ணீரிலும் சோப்புத் தண்ணீரிலும் அது சிவக்கிறது, அமிலமான எலுமிச்சைச் சாற்றில் மஞ்சளாகவே இருக்கிறது. அப்புறம் பச்சை மிளகாய் அரைத்த தண்ணீர். (சிவப்பு மிளகாய் வேண்டாம், அதன் நிறமே ஏமாற்றிவிடும். கையைக் கழுவாமல் கண்ணைத் தொடவும் விடாதீர்கள்.) சிவக்கும் என்று அடித்துச் சொன்ன பையன் தாளை இரண்டு முறை முக்கிப் பார்த்தான். நிறம் மாறவில்லை. "அப்போ இது வேற காரமா டீச்சர்?" என்றான். கட்டகத்தையும் காணொலியையும் வைத்து ஒரு வாரம் முயன்றும் எனக்குக் கிடைக்காத கேள்வி அது.

இதற்கும் விலை உண்டு. ஒரு தொகுப்புக்கு எனக்கு இரண்டு மாலைகள் போயின. வருடத்துக்கு நாலைந்துக்கு மேல் முடியாது. விடையையும் மதிப்பீட்டு அட்டையிலேயே எழுதிவைத்தால் பார்த்து எழுதிவிடுவார்கள். நான் முதலில் அந்தத் தப்பைச் செய்தேன். எனவே வராத பிள்ளைக்குக் கட்டகம், கண்ணுக்குத் தெரியாததற்குக் காணொலி, தப்பாகப் பதிந்துபோனதற்கு மட்டும் அட்டை என்று பிரித்துக்கொண்டேன். மூன்றில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், அட்டையைச் செய்வேன்.

செறிவூட்டல் அட்டையில் ஒரே கேள்வி வைத்திருந்தேன்: வெள்ளைச் சட்டையில் பட்ட சாம்பார்க் கறை சோப்பு போட்டதும் ஏன் சிவக்கிறது? மறுநாள் மூன்று பேர் கறைச் சட்டையோடேயே வந்து நின்றார்கள்.