நார்ச்சத்துப் பொடி என்று எனக்கு விற்கப்பட்ட நிலாவாரை

மாவுச்சத்தைக் குறைத்து உண்பவர்களுக்கு மலச்சிக்கல் வரும்போது, நார்ச்சத்துப் பொடி என்ற பெயரில் நிலாவாரை போன்ற பேதி மருந்தை அவர்கள் தலையில் கட்டும் வழக்கம் ஒன்று இருக்கிறது என்பதை நான் நான்கு மாதம் அவதிப்பட்டுத் தெரிந்துகொண்டேன். லோ கார்ப், பேலியோ, கீட்டோ என எந்தப் பெயரில் இந்த உணவுமுறையைத் தொடங்கியிருந்தாலும், ஆலோசகர் ஒருவர் டப்பா ஒன்றை உங்கள் கையில் கொடுத்திருந்தால் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள்.

எனக்கு வயது 47. பல ஆண்டுகளாகத் தைராய்டு மாத்திரை எடுத்துவருகிறேன். கடந்த ஆண்டு எடுத்த பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.1 சதவீதம் என்று வந்ததால் பயந்துபோய், தெரிந்தவர் ஒருவர் சொல்லிய உணவு ஆலோசகரிடம் மூன்று மாதத்துக்கு 12,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். அவர் அனுப்பிய உணவுப் பட்டியலில் காலையில் வெண்ணெய்த் தேநீரும் நான்கு முட்டையும், மதியம் 200 கிராம் பனீரும் 100 கிராம் காலிஃபிளவரும், மாலையில் பத்துப் பாதாமும், இரவில் கோழி அல்லது ஆட்டிறைச்சியும் இருந்தன. கொய்யாக்காய், அவரைக்காய், தேங்காய் ஆகியவற்றில் மாவுச்சத்து இருப்பதாகச் சொல்லி அவற்றைத் தொடவே கூடாது என்றார். நான் என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று அவர் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. தைராய்டு குறைபாடே மலச்சிக்கலை உண்டாக்கும் என்பதை அறிந்த எவரும் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

இரண்டாவது வாரத்தில் தொடர்ந்து ஐந்து நாள் மலம் கழியவில்லை. வயிறு கல்லாக இறுகி, ஆறாம் நாள் முக்கிப் போனபோது ஆசனவாயில் வெடிப்பு ஏற்பட்டு இரத்தம் வந்தது. அழுகையோடு அவருக்குத் தகவல் அனுப்பினேன். “மேடம், உடம்பு பழைய கழிவையெல்லாம் வெளியே தள்ளத் தயாராகுது, பயப்படாதீங்க, நம்மகிட்டயே ஃபைபர் பவுடர் இருக்கு” என்று குரல் பதிவில் பதில் வந்தது. மறுநாளே கூரியரில் ஒரு வெள்ளை டப்பா வந்து சேர்ந்தது. 200 கிராமுக்கு 1,450 ரூபாய். அதன்மேல் வெள்ளி நிறத்தில் ஒட்டப்பட்டிருந்த தாளில் ‘நார்ச்சத்து நிறைந்தது, முற்றிலும் இயற்கையானது’ என்ற வாசகமும், இரவில் வெந்நீரில் ஒரு தேக்கரண்டி கலந்து குடிக்க வேண்டும் என்ற குறிப்பும் இருந்தன.

பொடியைக் குடித்த மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்கு வயிற்றை முறுக்கிக்கொண்டு போனது. வயிறு இளகிவிட்டதே என்ற நிம்மதியில் அப்போது எனக்கு எந்தச் சந்தேகமும் எழவில்லை. ஆனால் பிற்பாடு மருத்துவர் எடுத்துச் சொன்னதுபோல, சந்தேகம் எழுந்திருக்க வேண்டிய இடமே அதுதான். உண்மையான நார்ச்சத்து நீரை உறிஞ்சி உப்பி, மலத்தின் அளவைக் கூட்டி, மெதுவாகவே வேலை செய்யும். இசப்கோல் என்ற விதை உமி பலன் தருவதற்கு 12 மணி நேரம் முதல் மூன்று நாள் வரை ஆகும். இரவில் குடித்து, ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முறுக்கலோடு கழிய வைப்பது குடலைத் தூண்டிவிடும் மருந்தின் குணம்.

நான்கு மாதத்தில் எட்டு டப்பா வாங்கினேன். ஒரு தேக்கரண்டி இரண்டானது, இரண்டு மூன்றானது. ஒரு நாள் குடிக்கவில்லை என்றாலும் வயிறு அசையவில்லை. இரவில் கெண்டைக்கால் சதை பிடித்திழுத்தது, மாடிப்படி ஏறினால் கால் துவண்டது, சிறுநீர் செம்மஞ்சளாகப் போனது. இவை அனைத்தையும் அவரிடம் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் உடம்பு சுத்தமாகிறது என்ற ஒரே பதில்தான் கிடைத்தது.

உண்மையைக் கண்டுபிடித்தவர் என் மாமியார். சாத்தான்குளத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தவர், நான் இரவில் பொடி கலக்குவதைப் பார்த்துக் கிண்ணத்தை வாங்கி முகர்ந்தார். “என்னம்மா இது, நம்ம ஊரு நிலாவாரைல்லா மணக்கு! இதப் போயி தெனமும் குடிக்கியா?” என்று பதறினார். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளில் மானாவாரியாகப் பயிராகி, உலகச் சந்தையில் டின்னவெல்லி சென்னா என்று ஊர்ப் பெயரோடு விற்பனையாகும் இலை அது. சித்த மருத்துவத்தில் நிலவாகை என்பார்கள். அவர்கள் வீட்டில் பேதிக்குக் கொடுப்பதென்றால் எப்போதாவது ஒரு நாள் கொடுப்பார்களாம்; தினமும் குடித்ததாக அவர் கேள்விப்பட்டதே இல்லையாம்.

அன்றிரவே இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் எடுத்து, ஒன்றில் மருந்துக் கடையில் வாங்கிவரச் செய்த இசப்கோலையும் மற்றொன்றில் இந்தப் பொடியையும் ஒவ்வொரு தேக்கரண்டி போட்டுக் கலக்கி வைத்தேன். கால் மணி நேரத்தில் இசப்கோல் கஞ்சிபோலக் கெட்டியாகித் தம்ளரைச் சாய்த்தாலும் நகராமல் நின்றது. பொடியோ துளியும் உப்பாமல் அடியில் படிந்து, மேலே நின்ற தண்ணீர் மட்டும் பால் ஊற்றாத தேநீரின் நிறத்துக்கு மாறியிருந்தது. பிறகு டப்பாவை வெந்நீரில் ஊற வைத்து, வெள்ளித் தாளின் ஓரத்தை நகத்தால் மெல்ல உரித்தேன். உள்ளே வேறொரு சீட்டு இருந்தது. வேறு தயாரிப்பாளரின் பெயர், அதிகபட்ச விலை 240 ரூபாய், சேர்மானங்களின் முதல் வரியில் நிலாவாரை இலையின் தாவரவியல் பெயரான காசியா அங்குஸ்டிஃபோலியா, அதற்குக் கீழே, மருத்துவரின் ஆலோசனையின்றி ஒரு வாரத்துக்கு மேல் உட்கொள்ளக் கூடாது என்ற எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையின்மீது ஒரு மனிதர் தெரிந்தே தாளை ஒட்டி மறைத்திருக்கிறார் என்பதை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இரைப்பை, குடல் நோய் மருத்துவரிடம் போனபோது இரத்தத்தில் பொட்டாசியம் 3.1 ஆக இருந்தது, 3.5க்குக் குறையக் கூடாது. நாள்தோறும் பேதியாகிப் போவதால் பொட்டாசியம் வெளியேறித் தசை வலுவிழக்கும் என்றும், நல்லவேளையாக இதயத் துடிப்பு பாதிக்கப்படவில்லை என்றும் சொன்னார். மலச்சிக்கல் ஏன் வந்தது என்பதையும் அவர்தான் முதன்முதலாக விளக்கினார். மாவுச்சத்தை நிறுத்தியதும் உடம்பில் சேமித்து வைக்கப்பட்ட கிளைகோஜன் என்ற சர்க்கரை இருப்பு கரைகிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் ஏறத்தாழ மூன்று கிராம் நீர் பிணைந்திருப்பதால் அந்த நீரும், இன்சுலின் குறைவதால் உப்பும் சிறுநீரில் போய்விடுகின்றன. முதல் வாரத்தில் எடை மளமளவென்று குறைவது பெரும்பாலும் இந்த நீர்தான். அந்த நேரத்தில் தண்ணீரும் உப்பும் போதாமல், நார்ச்சத்தும் இல்லாமல் போனால் மலம் இறுகத்தான் செய்யும்.

அவர் சொன்னபடி என் பழைய பட்டியலைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முட்டை, பனீர், கோழி, ஆட்டிறைச்சி, வெண்ணெய் எதிலும் நார்ச்சத்து கிடையாது. காலிஃபிளவரையும் பத்துப் பாதாமையும் சேர்த்தால் நாளுக்கு ஐந்து கிராம் அளவுக்குத்தான் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி வயது வந்தவர்களுக்கு உணவிலிருந்து குறைந்தது 25 கிராம் வேண்டும். தொடவே கூடாது என்று தடுக்கப்பட்ட கொய்யாவில் 100 கிராமுக்கு மாவுச்சத்து சுமார் 14 கிராம் என்பது உண்மைதான், ஆனால் அதில் ஐந்து கிராமுக்கு மேல் நார்ச்சத்து. அந்த நார்ச்சத்து சர்க்கரையை ஏற்றாது. தேங்காயில் 100 கிராமுக்கு ஒன்பது கிராம் நார்ச்சத்து இருக்கிறது, பாதாமில் பன்னிரண்டு, ஆளி விதையில் இருபத்தேழு. அவரை, வெண்டை, முட்டைக்கோஸ், கீரை ஆகியவற்றைத் தாராளமாகச் சேர்த்தாலே மாவுச்சத்தைக் குறைத்தபடி 25 கிராமை எட்டிவிடலாம். நான் இன்றும் லோ கார்ப் உணவில்தான் இருக்கிறேன், சர்க்கரை குறைந்திருக்கிறது. பழுது உணவுமுறையில் இல்லை, அந்தப் பட்டியலில் இருந்தது.

நிலாவாரையை விட்ட முதல் மூன்று வாரம் கடினமாக இருந்தது. இசப்கோலை ஒரு தேக்கரண்டியில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டச் சொன்னார்கள். ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பிக் காற்று சேரும். ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் இல்லாமல் அதை விழுங்கவே கூடாது, தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். மாத்திரைகள் உடம்பில் சேர்வதையும் அது குறைப்பதால், தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் இடையே சில மணி நேரம் விடுகிறேன். வாந்தியும் வயிற்று வீக்கமும் சேர்ந்து காற்றுகூடப் பிரியவில்லை என்றால் எந்தப் பொடியையும் குடிக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதை எனக்கு அழுத்திச் சொன்னார்கள்.

உரித்த டப்பாவின் படத்தை அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். மூலிகை என்பதும் நார்தானே என்று ஒரு வரி பதில் வந்தது. அடுத்து என் எண்ணை முடக்கிவிட்டார். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, திட உணவு ஒன்றை நார்ச்சத்து மிகுந்தது என்று சொல்ல 100 கிராமுக்கு ஆறு கிராமாவது நார்ச்சத்து இருக்க வேண்டும். வெள்ளித் தாளில் நார்ச்சத்தின் அளவு எங்குமே குறிக்கப்படவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவையும் தயாரித்திருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. பணம் அனுப்பிய சான்றுகள், குரல் பதிவுகள், பாதி உரித்த ஒரு டப்பா, இன்னும் பிரிக்காத ஒரு டப்பா அனைத்தையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டப்பா இருந்தால், இன்றிரவு குடிப்பதற்கு முன் அதைப் பத்து நிமிடம் வெந்நீரில் வைத்து, மேல் தாளை உரித்து, அடியில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். உரிப்பதற்கு முன்னும் பின்னும் மறக்காமல் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.