சுங்கை சிப்புட் ஆஸ்டியோபதி நிலையம்: படியேறும் முன் தெரிந்துகொள்ள

மளிகைக்கடை மாடியில் இருக்கும் இந்த நிலையத்தைப் பற்றி ஊரில் மூன்று பேச்சு. எலும்பு டாக்டர் என்கிறார்கள் சிலர். சுளுக்கு எடுக்கிறவர் என்கிறார்கள் சிலர். மீதிப் பேருக்கு இங்கே சிகிச்சை செய்பவர் இன்னொரு சின்சே, அதாவது சீன வைத்தியர். மூன்றும் தப்பு. தப்பாக நினைத்துப் போகிறவருக்குத்தான் நஷ்டம்.

எலும்பு டாக்டர் அறுவை சிகிச்சை செய்பவர். இங்கே நடப்பது கையால் தசையையும் மூட்டையும் இளக்கும் சிகிச்சை. ஊசி கிடையாது, மருந்துச் சீட்டு கிடையாது, எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) வேண்டுமென்றால் கிளினிக்குக்குத்தான் போக வேண்டும். நம் மலேசியாவில் இந்தத் தொழில் 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்துக்குள் வருகிறது. ஹோமியோபதியும், முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் கைரோபிராக்டிக்கும் அதே சட்டத்தில்தான்.

அமெரிக்கக் கதை வேறு. 1892இல் மிசூரியில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் தொடங்கிய ஆஸ்டியோபதிப் பள்ளியின் வழிவந்த டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) பெற்றவர்கள் அங்கே முழு மருத்துவர்கள். ஐம்பது மாநிலங்களிலும் மருந்து எழுதலாம், அறுவை செய்யலாம். அப்படியிருந்தும் 2020இல் டிரம்புக்குக் கோவிட் வந்தபோது, வெள்ளை மாளிகை மருத்துவர் ஷான் கான்லி டி.ஓ. படித்தவர் என்பதற்காக ‘இவர் நிஜ டாக்டர்தானா’ என்று கேட்டவர்கள் உண்டு. அவரை மசாஜ்காரர் என்பது எவ்வளவு அநியாயமோ, நம் ஊர் ஆஸ்டியோபாத்தை டாக்டர் என்பதும் அவ்வளவு தப்பு. பிரிட்டனிலும் ஆஸ்டியோபாத்துகள் பதிவு பெற்ற சிகிச்சையாளர்கள்தான். 1993இலேயே அதற்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது.

சேவைக்கு வருவோம். முதல் தடவை முக்கால் மணி நேரம், அதில் கால்வாசி கேள்விதான். என்ன வேலை என்று ஆஸ்டியோபாத் கேட்கிறார். அது சரியான கேள்வி. நீண்ட கம்பில் கத்தி கட்டி, அண்ணாந்து பார்த்தே செம்பனைக் குலை வெட்டுகிறவருக்குக் கழுத்தும் தோளும் போகும். குலையை லாரியில் ஏற்றுகிறவருக்கு இடுப்பு. பிறகு மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டி மடங்காமல் காலை மெதுவாகத் தூக்குகிறார். முட்டிக்குக் கீழே வரை மின்சாரம் மாதிரி வலி இறங்கினால் நரம்பு அழுந்தியிருக்கலாம். முட்டியில் தட்டிப் பார்க்கிறார், கால் கட்டைவிரலை மேலே தள்ளச் சொல்லி பலம் பார்க்கிறார். இதையெல்லாம் விட்டுவிட்டு நேரே முறுக்குகிறவரிடம் உடம்பைக் கொடுக்காதீர்கள்.

சிகிச்சை முரட்டுத்தனமாக இல்லை. அவர் பிடித்திருக்கும் பக்கத்துக்கு எதிராக ஐந்து விநாடி லேசாகத் தள்ளச் சொல்வார், விடச் சொல்வார், தசை இளகிய அளவுக்கு இன்னும் கொஞ்சம் நீட்டுவார். மூன்று நான்கு முறை இப்படி. சில நேரம் ‘படக்’ என்று சத்தம் கேட்கும். விலகிய எலும்பு உட்கார்ந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறார்கள். அது மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக் குமிழின் சத்தம், அவ்வளவுதான். சத்தம் வராததால் சிகிச்சை வீண் என்றும் இல்லை. ஓரிரு நாள் உடம்பு வலிப்பது சகஜம்.

கீழ்முதுகு வலிக்குப் பலன் கிடைக்கலாம். சர்க்கரைக்கும் ஆஸ்துமாவுக்கும் இங்கே வராதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், எலும்பு தேய்ந்த பெரியவர், புற்றுநோய் வந்தவர், மரத்திலிருந்து விழுந்தவர் எல்லாரும் வாயைத் திறந்து முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிறுநீர் அடைபட்டாலோ அடக்க முடியாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, இரண்டு காலும் பலமிழந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். தைலம் தேய்த்துப் பார்க்கலாம் என்று இருந்தால் காலின் பலம் திரும்பாமலே போகலாம்.

குறை இரண்டு. பத்து தடவைக்கு மொத்தமாகக் காசு கட்டச் சொல்கிறார்கள்; கட்டாதீர்கள். நான்கு தடவைக்குள் கொஞ்சமும் குறையாத வலியை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். அடுத்தது வாசல் பலகை: ‘எலும்பு நரம்பு நிபுணர்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது, பதிவு விவரமோ எங்கேயும் இல்லை. அந்த வரியை அழித்துவிட்டு, பதிவு எண்ணைப் போடட்டும்.