மேலே ஏறுவதா, பக்கவாட்டில் விரிவதா? ஹெட்ஃபோன் சேர்ப்பதில் இரண்டு வழிகள்

முதல் ஹெட்ஃபோன் எப்படியோ வந்து சேர்ந்துவிடும். இரண்டாவதை வாங்கும்போதுதான் ஒருவர் எந்தப் பக்கம் போகிறார் என்பது தெரியும். கையில் சென்ஹைசர் எச்டி 600 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிலர் அடுத்து எச்டி 650, அப்புறம் எச்டி 800 என்று ஒரே குடும்பத்துக்குள் படிப்படியாக மேலே ஏறுவார்கள். வேறு சிலர் அதன் பக்கத்திலேயே பின்பக்கம் அடைத்த மூடிய வகையில் ஒரு சோனி எம்டிஆர்-7506, சவ்வு முழுவதும் ஒன்றாக அசையும் பிளானர் வகையில் ஒரு ஹைஃபைமேன் சண்டாரா என்று பக்கவாட்டில் விரிவார்கள். நான் இரண்டாவது கட்சி. ஆனாலும் முதல் கட்சியின் நியாயத்தை முதலில் சொல்லிவிடுவதுதான் முறை.

எச்டி 600 வந்தது 1997-இல், எச்டி 650 வந்தது 2003-இல். இரண்டுக்கும் இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) 300 ஓம், இரண்டும் பின்பக்கம் அடைக்காத திறந்த வகை. ஒன்றின் பேடும் (காது மெத்தை) கேபிளும் இன்னொன்றுக்கு அப்படியே பொருந்தும். ஏற்கெனவே நல்ல ஆம்ப் (ஹெட்ஃபோனை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர்) வைத்திருப்பவருக்குப் புதிதாக எதுவும் வேண்டியதில்லை. தலையும் அந்தப் பிடிமானத்துக்குப் பழகியிருக்கும். இப்படி ஏறுகிறவருக்குத் தன் ரசனை துல்லியமாகத் தெரிந்திருக்கும். "குரல் முன்னால் நிற்க வேண்டும், ட்ரெபிள் (மேல் ஒலி) குத்தக் கூடாது" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார். இரவில், அமைதியான அறையில், ஒரே வகை இசையை மட்டும் கேட்பவர் என்றால் அவரைக் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை.

சிக்கல், படிகளுக்கு இடையே உள்ள உயரத்தில்தான். 600-க்கும் 650-க்கும் உள்ள வித்தியாசம் என்ன? 650-இல் பேஸ் (கீழ் ஒலி) கொஞ்சம் சதைப்பிடிப்பாக இருக்கும், குரலின் மேல் ஓரம் சற்றே மழுங்கியிருக்கும். எது எது என்று சொல்லாமல் நண்பரிடம் இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். நல்ல காது உள்ளவர்கூட மாற்றி மாற்றிக் கேட்ட பிறகுதான் வாயைத் திறப்பார். ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் பேஸை ஒரு டெசிபல் ஏற்றி, ட்ரெபிளைக் கொஞ்சம் இறக்கினால் ஒன்றை இன்னொன்றுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடலாம்.

என் அளவுகோலே அதுதான். ஈக்வலைசரால் கொண்டுவர முடிகிற வித்தியாசத்துக்காக இன்னொரு ஹெட்ஃபோன் வாங்க வேண்டியதில்லை. ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்ட்டியும் 2012, 2013 வாக்கில் செய்த ஆய்வுகள், நல்ல அறையில் வைத்த நல்ல ஸ்பீக்கரின் ஒலிச் சமநிலையை ஒத்த ஹெட்ஃபோனையே பெரும்பாலோர் விரும்புகிறார்கள் என்று காட்டின. அந்தச் சமநிலையை மென்பொருளில் பெருமளவு திருத்திக்கொள்ளலாம். ஆனால் ஹெட்ஃபோனின் எடையை எந்த மென்பொருளும் குறைக்காது. வெளிச்சத்தம் உள்ளே வருவதை நிறுத்தாது. ஒலியை எழுப்பும் பகுதியான டிரைவர் காதிலிருந்து எவ்வளவு தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்பதையும் மாற்றாது. 2009-இல் வந்த எச்டி 800 அந்தக் குடும்பத்திலேயே தனியாகத் தெரிவதற்கும் இதுதான் காரணம். வளைய வடிவிலான 56 மில்லிமீட்டர் டிரைவரைக் காதிலிருந்து விலக்கிச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். அது அதே ஏணியின் அடுத்த படி இல்லை, வேறு கட்டடம்.

ஆக, கட்டுமானத்திலேயே வேறுபடுகிறவற்றைச் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. அப்படிப் பார்த்தால் முதல் பிரிவு திறந்த வகையா, மூடிய வகையா என்பது.

திறந்த வகையில் டிரைவரின் பின்பக்கம் வலையோ துளைகளோதான் இருக்கும். 1968-இல் மஞ்சள் நுரை பேடோடு வந்த சென்ஹைசர் எச்டி 414-தான் இந்த வகையைத் தொடங்கிவைத்தது. பின்னால் போகும் ஒலி சுவரில் மோதித் திரும்பாமல் வெளியே போய்விடுவதால் இசை தலைக்குள் அடைபட்ட மாதிரி இருக்காது. ஒரு எளிய சோதனை: திறந்த ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு, பாட்டு ஓடும்போதே இரண்டு உள்ளங்கைகளாலும் வெளிவலையை மெதுவாக மூடுங்கள். குரல் சட்டென்று குடத்துக்குள் போன மாதிரி ஆகும், மிருதங்கத்தின் தொப்பி ஒலி உப்பிக்கொள்ளும். கையை எடுத்தால் மறுபடி விரிந்துவிடும். திறந்த வகை என்றால் என்ன என்று புதியவர் ஒருவருக்கு விளக்க இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

மூடிய வகையின் பலமும் பலவீனமும் பேடின் பிடிமானத்தில் இருக்கின்றன. காதைச் சுற்றி இடைவெளி விழுந்தால் முதலில் போவது பேஸ். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் இதை உடனே சோதித்துவிடலாம். கண்ணாடியைக் கழற்றி ஒருமுறை, போட்டு ஒருமுறை கேளுங்கள். மூடிய ஹெட்ஃபோனில் கண்ணாடிக் கம்பியின் அந்தச் சிறு சந்து வழியாகவே கீழ் ஒலி கசிந்து மெலிந்துவிடும். ஒரே மாடலைப் பற்றி ஒருவர் "பேஸ் அள்ளுது" என்றும் இன்னொருவர் "பேஸே இல்லை" என்றும் சண்டை போட்டால், காதைப் பார்ப்பதற்கு முன் முகத்தைப் பாருங்கள்.

7506-ஐச் சேர்ப்பில் வைக்க நான் சொல்வதற்குக் காரணம் அது மிக இனிமையானது என்பதால் அல்ல. 1991-இலிருந்து ஒலிப்பதிவுக் கூடங்களில் இருக்கிற கருவி அது. ட்ரெபிள் கொஞ்சம் கூர்மை, பதிவில் உள்ள குறையை இரக்கமில்லாமல் காட்டும். 63 ஓம்தான், போனிலேயே நன்றாக ஓடும். பேடின் மேல்தோல் காலப்போக்கில் உரிந்து கறுப்புத் துகளாகக் காதில் ஒட்டும் என்பது ஊரறிந்த விஷயம், ஆனால் மாற்றுப் பேட் எளிதாகக் கிடைக்கிறது. எச்டி 600-க்கு எதிர்முனை என்றால் இதுதான்.

அடுத்தது டைனமிக்கா, பிளானரா. டைனமிக்கில் ஒரு கம்பிச் சுருள், அதை ஒட்டிய சவ்வு, ஒரு காந்தம். பிளானரில் சவ்விலேயே கடத்தித் தடம் பதிந்திருக்கும். அதை ஒட்டி வரிசையாகக் காந்தங்கள் நிற்கும், சவ்வு ஏறத்தாழ முழுப் பரப்பும் ஒன்றாக அசையும். புதுச் சரக்கு இல்லை இது, யமஹா 1976-இலேயே எச்பி-1 என்று இதே தத்துவத்தில் விற்றது. நல்ல பிளானரில் பேஸ் அடியாழம் வரை சரியாமல் இறங்கும். அதற்கு விலை கழுத்தில்: எச்டி 600 ஏறத்தாழ 260 கிராம், சண்டாரா 372 கிராம். ஆடிஸி எல்சிடி-2 வரிசையில் அரைக் கிலோவைத் தாண்டுபவையும் உண்டு. ஒரு பாட்டுக்கு இந்த எடை தெரியாது. ஒரு முழுக் கச்சேரி கேட்டால் தெரியும்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பவருக்குத்தான் இன்னொரு வேடிக்கை புரியும். எச்டி 600-இன் இம்பீடன்ஸ் 300 ஓம் என்று போட்டிருந்தாலும் எல்லா அதிர்வெண்ணிலும் அப்படி இருப்பதில்லை. 100 ஹெர்ட்ஸை ஒட்டி அது 500 ஓம் அளவுக்கு உயரும். வெளியீட்டு இம்பீடன்ஸ் (ஆம்பின் பக்கம் உள்ள எதிர்ப்பு) 100 ஓம் உள்ள ஒரு வால்வு ஆம்பில் (வெற்றிடக் குழாய்களால் ஓடுவது) செருகினால், அந்த இடத்தில் பேஸ் ஏறத்தாழ ஒரு டெசிபல் மேலெழும். "வால்வு ஆம்ப் கதகதப்பாக ஒலிக்கிறது" என்கிற பேச்சில் ஒரு பங்கு இந்தக் கணக்குதான். அதே ஆம்பில் 37 ஓம் சண்டாராவைச் செருகினால் பேஸ் மாறாது, ஏனென்றால் பிளானரின் இம்பீடன்ஸ் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடு. சத்தம் மட்டும் பத்து டெசிபலுக்கும் மேல் விழுந்துவிடும். ஒருவரின் ஆம்ப், இன்னொருவரின் ஹெட்ஃபோன் என்று கலந்து கேட்டால்தான் இது வெளியே வரும். ஏணியில் ஏறியவர் 300 ஓம் ஹெட்ஃபோன்களாகவே வைத்திருந்தால் ஆம்பைப் புகழ்ந்துகொண்டே இருப்பார்.

ஆம்ப் விஷயத்தில் இன்னொன்று. ஓம் அதிகம் என்றால் ஓட்டுவது கடினம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஹைஃபைமேன் எச்இ-6 வெறும் 50 ஓம்தான். ஆனால் ஒரு மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல் மட்டுமே தரும். ஒரே வோல்ட்டேஜில் 50 ஓம் இழுக்கிற மின்னோட்டம் 300 ஓம் இழுப்பதைப்போல் ஆறு மடங்கு. எச்டி 600-ஐ நன்றாக ஓட்டுகிற ஆம்ப் இங்கே மூச்சு வாங்கலாம்.

மூன்றாவது டிரைவர் வகையான எலக்ட்ரோஸ்டாட்டிக்கை (நிலைமின்சாரத்தால் சவ்வை அசைப்பது) சீக்கிரம் முடித்துவிடலாம். ஸ்டாக்ஸின் இன்றைய ஹெட்ஃபோன்களுக்கு சவ்வில் நிலையாக 580 வோல்ட் (பயாஸ்) வேண்டும், அதற்கென்றே 'டிரைவர் யூனிட்' என்கிற தனி ஆம்ப் வேண்டும், உங்கள் வேறு எந்த ஆம்பும் உதவாது. கேட்க அருமை. சேர்ப்புக்குள் அது ஒரு தனித் தீவு. அதை வைத்திருக்கிற நண்பரைச் சேர்த்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

சரி, நண்பர்கள். பகிர்ந்து கேட்பதிலும் இரண்டு வழிகள்: எல்லோரும் ஓரிடத்தில் கூடி மேசையில் பரப்பிவைத்துக் கேட்பது, அல்லது ஒருவருக்கொருவர் சில நாள் இரவல் கொடுப்பது. கூடிக் கேட்பதில் உற்சாகம் அதிகம், நம்பகம் குறைவு. பத்துப் பேர் பேசும் அறையில் திறந்த வகைகள் பாவம், மூடியவை காரணமில்லாமல் ஜெயிக்கும். ட்ரெபிள் கூர்மையான ஒன்றைக் கேட்டுவிட்டு உடனே எச்டி 650-ஐப் போட்டால் போர்வை போர்த்தின மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போட்டால் அந்தப் போர்வை காணாமல் போயிருக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய ஏமாற்றுக்காரன் சத்தம். இரண்டில் எது சற்று உரக்க ஒலிக்கிறதோ அதைத்தான் காது "தெளிவு" என்று சொல்லும். இரண்டு ஆம்ப்களை ஒப்பிட்டால், ஒரே ஹெட்ஃபோனைச் செருகி, 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, மல்டிமீட்டரில் வோல்ட்டேஜைச் சமப்படுத்தலாம். இரண்டு ஹெட்ஃபோன்களுக்கு அது பலிக்காது, உணர்திறன் வேறு வேறு. பிங்க் நாய்ஸை (எல்லா அதிர்வெண்ணும் கலந்த இரைச்சல்) ஓடவிட்டுக் காதாலேயே சமப்படுத்துவதுதான் நடைமுறைக்கு ஆகும். துல்லியம் இல்லை, ஆனால் கண்மூடித்தனமாக நாப் திருகுவதைவிட எவ்வளவோ மேல்.

இரவலில் இந்தத் தொல்லைகள் பாதி இல்லை. தன் வீடு, தன் பாட்டு, தன் நேரம். கழுத்து வலிக்கிறதா, கண்ணாடியோடு சரிப்படுமா, மூன்றாம் நாளும் எடுக்கத் தோன்றுகிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். எனவே "இது எனக்கு வேண்டாம்" என்று கழிக்கக் கூட்டமும், "இதை வாங்கலாம்" என்று முடிவெடுக்க இரவலும் என்று நான் பிரித்துக்கொள்வேன். பேட் தேய்ந்த ஹெட்ஃபோனை இரவல் கொடுத்து அபிப்பிராயம் கேட்காதீர்கள். பேட் அமுங்கினால் டிரைவர் காதை நெருங்கிவிடும், ஒலியே வேறாகிவிடும். இரண்டாம் கையில் வாங்குகிறவரும் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். அடுத்தபடியாக மோனோ பதிவு ஒன்றைப் போட்டு, குரல் நட்ட நடுவில் நிற்கிறதா என்று கேட்க வேண்டும்.

இரவலுக்குத் தோதானது எது என்றால் மறுபடியும் விரிந்த சேர்ப்புதான். எச்டி 650 வைத்திருக்கும் நண்பருக்கு நீங்கள் எச்டி 600-ஐக் கொடுத்தால் அரை மணி நேரப் பேச்சு. 7506-ஐயோ சண்டாராவையோ கொடுத்தால் ஒரு வாரத்துக்குப் பேச விஷயம் இருக்கும். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ கொடுப்பதாக இருந்தால் மட்டும் எந்த ரகம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 32, 80, 250 ஓம் என்று மூன்றும் வெளியே பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். 250 ஓம் என்றால் ஆம்பையும் கையோடு கொடுத்தனுப்புங்கள். இல்லாவிட்டால் மனிதர் அதைப் போனில் செருகிக் கேட்டுவிட்டு, "என்னங்க, சத்தமே வரலையே" என்று மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிடுவார்.